குடியேறிய மாணவரும் வழக்கறிஞர் உரிமமும்: அமெரிக்கத் தீர்ப்புகள்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சட்டக் கல்வியை முடித்தல், தகுதித் தேர்வில் தேறுதல், நன்னடத்தையை மெய்ப்பித்தல் ஆகிய மூன்றும் வழக்கறிஞராக விரும்பும் எவருக்கும் பொதுவானவை. குடியேறிய மாணவருக்கு நான்காவதாக ஒரு வினா எழுகிறது. அது அவரது கல்வியையோ ஒழுக்கத்தையோ பற்றியதன்று. அவர் எந்நாட்டவர், எந்நிலையில் அந்நாட்டில் வாழ்கிறார் என்பது பற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1890 முதல் 2015 வரை இவ்வினாவுக்கு நீதிமன்றங்கள் வழங்கிய விடைகள் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்த செர்ஜியோ கார்சியா வழக்கு இதன் மையமாக அமைகிறது. தொழில் உரிமமும் வேலை செய்யும் அனுமதியும் வெவ்வேறானவை என்ற வேறுபாடே அவ்வழக்கின் அடிப்படை என்பதும், இந்தியாவில் வாழும் ஏதிலியர் தலைமுறைக்கும் அவ்வேறுபாடு பொருளுடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: குடியேற்றம், குடியுரிமை, சட்டக் கல்வி, வழக்கறிஞர் உரிமம், நன்னடத்தை, ஏதிலியர்.

முன்னுரை

புலம்பெயர்வு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் மொழி, அடையாளம், இலக்கியம், நினைவு ஆகியவற்றை மையமிட்டே அமைந்துள்ளன. குடியேறியவர் தாம் சென்றடைந்த நாட்டின் தொழில்களில் நுழையும்போது எதிர்கொள்ளும் சட்டத் தடைகள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அத்தடைகளுள் வழக்கறிஞர் தொழில் தொடர்பானது தனித்தன்மை உடையது. மருத்துவரோ பொறியாளரோ சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் செய்கின்றனர். வழக்கறிஞருக்கோ சட்டமே தொழில். ஆகவே, ஒரு நாட்டின் உறுப்பினராக ஏற்கப்படாத ஒருவர் அந்நாட்டின் சட்டத்தைப் பிறருக்காக எடுத்துரைக்கலாமா என்ற வினா இங்குக் கூர்மையடைகிறது.

பள்ளி முதல் உறுதிமொழி வரை

அமெரிக்காவில் வழக்கறிஞராவதற்கான பாதை நீண்டது. பள்ளிக் கல்விக்குப் பின் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன்பின் முழுநேரமாயின் மூன்றாண்டுச் சட்டப் பட்டம், அடுத்து மாநில அளவிலான தகுதித் தேர்வு என அது அமைந்துள்ளது. தேர்வில் தேறியவரின் நடத்தையைத் தனிக்குழு ஒன்று ஆராயும். இறுதியாக, அரசமைப்பைப் போற்றுவேன் என உறுதிமொழி ஏற்ற பின்னரே அவர் வழக்கறிஞராவார். உரிமம் வழங்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்தின் நீதித்துறையிடமும் உள்ளது. எனவே ஒரே வினாவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விடைகள் கிடைக்க இடமுண்டு.

குடியேற்ற ஆவணமற்ற மாணவருக்கு இப்பாதையின் முதற்பகுதி திறந்தே உள்ளது. அத்தகைய சிறுவர்களுக்குப் பொதுப்பள்ளிக் கல்வியை மறுத்த டெக்சாஸ் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் செல்லாததாக்கியது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவரே இம்முடிவை ஆதரித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தீர்ப்பு பள்ளிக் கல்வியோடு நின்றது. கல்லூரிக் கல்வியைத் தொடவில்லை. ஆவணமற்ற மாணவர் கூட்டரசின் கல்வி உதவித்தொகையைப் பெற இயலாது. கலிஃபோர்னியா மாநிலம் 2001இல் இயற்றிய சட்டத்தின்வழி, அம்மாநிலத்தில் மூன்றாண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறியவர்கள், குடியேற்ற நிலை எதுவாயினும், உள்மாநில மாணவருக்குரிய குறைந்த கட்டணத்தில் பயில வழி பிறந்தது.

இவ்வாறு பள்ளியும் கல்லூரியும் ஓரளவு திறந்திருக்க, இறுதி வாயிலில் என்ன நேரும் என்பதே கேள்வி. அதற்கான விடையை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய வரலாற்றிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

இனம் தடையாக நின்ற காலம்

ஹாங் யென் சாங் என்ற சீன மாணவர் 1872இல் சீன அரசின் கல்வித் திட்டத்தின்கீழ் அமெரிக்கா சென்றார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் கொலம்பியா சட்டக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றார். குடியுரிமை இல்லை என்று நியூயார்க்கில் அவரது முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் நீதிமன்றமொன்று அவருக்குக் குடியுரிமைச் சான்று வழங்கியது. அம்மாநிலச் சட்டமன்றம் அவர் மீண்டும் விண்ணப்பிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 1888இல் அவர் நியூயார்க்கில் வழக்கறிஞரானார்.

சீனர் பெருமளவில் வாழ்ந்த கலிஃபோர்னியாவில் தொழில் நடத்த விரும்பி அவர் விண்ணப்பித்தபோது நிலைமை மாறியது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 1890இல் அவரது விண்ணப்பத்தை மறுத்தது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனர்களுக்குக் குடியுரிமை வழங்குவதைத் தடைசெய்திருந்தமையால் அவரிடமிருந்த சான்று செல்லாது என்றும், குடியுரிமை பெறவியலாதவர் வழக்கறிஞராக இயலாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது.

ஜப்பானியரான தகுஜி யமாஷிதாவின் வரலாறும் இத்தகையதே. வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1902இல் பட்டம் பெற்றுத் தகுதித் தேர்விலும் தேறிய அவருக்கு, ஜப்பானியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று கூறி அம்மாநில உச்ச நீதிமன்றம் உரிமம் மறுத்தது.

இவ்விரு தீர்ப்புகளின் தருக்க அமைப்பு கவனிக்கத்தக்கது. 'இன்ன இனத்தவர் வழக்கறிஞராகக் கூடாது' என்று எந்த விதியும் வெளிப்படையாகக் கூறவில்லை. வழக்கறிஞர் குடியுரிமை உடையவராக இருத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. இன்ன இனத்தவர் குடியுரிமை பெறவியலாது என்பது மற்றொரு விதி. பொதுவிதிபோல் தோன்றும் முன்னதும் இனவிதியான பின்னதும் இணைந்து தடையை முழுமையாக்கின. குடியுரிமை பெறுவதற்கான இனத்தடை 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில்தான் முற்றிலும் நீங்கியது.

பின்னாளில் இரு நீதிமன்றங்களும் தம் முடிவுகளைத் திருத்திக்கொண்டன. வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 2001இல் யமாஷிதாவையும், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2015இல் சாங்கையும் மறைவுக்குப் பின் வழக்கறிஞராக ஏற்றன. சாங் வழக்கில் அம்முயற்சியை முன்னெடுத்தோர் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆவர்.

குடியுரிமைத் தடை நீங்கியமை

இனத்தடை நீங்கிய பின்னும் குடியுரிமை விதி பல மாநிலங்களில் நீடித்தது. அதனை முறியடித்த வழக்கு ஒரு பெண் மாணவரால் தொடுக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டவரான ஃப்ரே லெ பூல் கிரிஃபித்ஸ் 1965இல் அமெரிக்கா வந்தார். 1967இல் அமெரிக்கர் ஒருவரை மணந்தார். சட்டப் பட்டம் பெற்று 1970இல் கனெக்டிகட் மாநிலத்தில் தகுதித் தேர்வெழுத விண்ணப்பித்தார். குடியுரிமை இல்லாமை ஒன்றே அவர் மறுக்கப்பட்டதற்குக் காரணமாயிற்று.

வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அலுவலர் என்பதும், கனெக்டிகட்டில் அவர் அழைப்பாணைகளில் கையொப்பமிடவும் உறுதிமொழி பெறவும் அதிகாரம் உடையவர் என்பதும், அத்தகைய அதிகாரத்தை அயல்நாட்டவரிடம் ஒப்படைக்கலாகாது என்பதும் மறுப்பாளர் தரப்பின் வாதங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இவ்வாதங்களை ஏற்க மறுத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், வழக்கறிஞர் உரிமம் பெறுவதனாலேயே ஒருவர் அரசு அதிகாரியாகிவிடுவதில்லை என விளக்கினார். அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டுமன்றி 'எந்த நபருக்கும்' உறுதியளிக்கிறது என்பது இத்தீர்ப்பின் அடித்தளம். இதற்கு முந்தைய ஆண்டிலேயே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இத்தாலியரான ராஃபயேல்லியின் வழக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தது.

கனடாவும் இவ்வழியில் சென்றது. பிரிட்டிஷ் கொலம்பிய மாகாணத்தில் நிரந்தரக் குடியிருப்பாளராக வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமகன் ஆண்ட்ரூஸ் தொடுத்த வழக்கில், அம்மாகாணத்தின் குடியுரிமை விதி உரிமைகள் சாசனத்தின் சமத்துவப் பிரிவுக்கு முரணானது எனக் கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது.

எனினும் கிரிஃபித்ஸ், ஆண்ட்ரூஸ் ஆகிய இருவரும் சட்டப்படி அந்நாடுகளில் வாழ்ந்தவர்கள். குடியுரிமையும் இல்லை, குடியிருக்கும் அனுமதியும் இல்லை என்ற நிலையில் உள்ளவரைப் பற்றி அத்தீர்ப்புகள் எதுவும் கூறவில்லை.

கார்சியா வழக்கு

செர்ஜியோ கார்சியா 1977இல் மெக்சிகோவில் பிறந்தார். 17 மாதக் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அவரை ஆவணமின்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தனர். ஒன்பது வயதில் குடும்பத்துடன் மெக்சிகோ திரும்பிய அவர், 1994இல் 17 வயதில் மீண்டும் ஆவணமின்றிக் கலிஃபோர்னியா வந்தார். அப்போது அவருடைய தந்தை சட்டப்படியான நிரந்தரக் குடியிருப்பாளராகியிருந்தார். மகனுக்காக அவர் அளித்த விசா மனுவைக் குடியேற்றத் துறை 1995 சனவரியில் ஏற்றுக்கொண்டது. ஆனால் மனு ஏற்கப்படுவது வேறு, விசா கிடைப்பது வேறு. குடும்ப உறவின் அடிப்படையில் ஆண்டுதோறும் வழங்கப்படும் விசாக்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மெக்சிகோவிலிருந்து விண்ணப்பிப்போர் வரிசையோ மிக நீண்டது. அவ்வரிசையில் நின்றபடியே அவர் பட்டப் படிப்பையும் சட்டப் படிப்பையும் முடித்து, 2009 சூலையில் நடந்த தகுதித் தேர்வில் தேறினார். அக்காலத்தில் கலிஃபோர்னியாவின் அத்தேர்வு மூன்று நாள்கள் நடைபெற்றது.

2012இல் கூட்டரசு அறிவித்த, சிறுவயதில் வந்தோர்க்கான நாடுகடத்தல் ஒத்திவைப்புத் திட்டமும் அவருக்கு உதவவில்லை. 2012 சூன் 15 அன்று 31 வயது நிறையாதவர்க்கே அத்திட்டம் உரியது. அவருக்கு அப்போது 35 வயது.

தேர்வுக் குழு நீண்ட விசாரணைக்குப் பின் அவர் நன்னடத்தை உடையவர் எனக் கண்டு, உரிமம் வழங்குமாறு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அவரது குடியேற்ற நிலையையும் குழு மறைக்காது தெரிவித்தது. நீதிமன்றம் 2012 மே மாதத்தில், உரிமம் ஏன் வழங்கப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டுமாறு ஆணையிட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞராக அப்போதிருந்த கமலா ஹாரிஸ் கார்சியாவுக்கு ஆதரவாகவும், கூட்டரசின் நீதித்துறை அமைச்சகம் எதிராகவும் கருத்துரைத்தன. வழக்கில் எழுந்த வினாக்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, கூட்டரசுச் சட்டத்தின் தடை. ஆவணமற்றோருக்கு மாநில அரசின் முகமையோ மாநில நிதியோ வழங்கும் தொழில் உரிமங்களை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு தடுக்கிறது. நீதிமன்றம் மாநில நிதியில் இயங்குவதால் அது வழங்கும் உரிமமும் இத்தடைக்கு உட்பட்டது என்பது கூட்டரசின் வாதம். ஆயின் அப்பிரிவிலேயே ஒரு விலக்கும் இருந்தது: மாநிலம் 1996 ஆகஸ்ட் 22க்குப் பின் வெளிப்படையாக ஒரு சட்டம் இயற்றித் தகுதி வழங்கினால் தடை நீங்கும். 2013 செப்டம்பரில் வாய்வழி வாதம் நடந்தபோது இவ்விலக்கு குறித்த பேச்சு எழுந்தது. அதே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் அதற்குரிய சட்டவரைவை நிறைவேற்றியது. ஆளுநர் அக்டோபர் 5 அன்று ஒப்புதல் அளித்தார். 2014 சனவரி 1 அன்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, உறுதிமொழி பற்றியது. சட்டத்துக்கு மாறாக நாட்டில் வாழும் ஒருவர் சட்டத்தைப் போற்றுவேன் என்று எவ்வாறு உறுதிகூற இயலும்? தலைமை நீதிபதி டானி கான்டீல்-சகாவுயே எழுதிய தீர்ப்பு இதற்கு நேராக விடையளிக்கிறது. அனுமதியின்றி நாட்டில் இருத்தல் தன்னளவில் ஒருவரது ஒழுக்கக் குறையைக் காட்டுவதாகாது; அந்நிலை மட்டுமே ஒருவரை உரிமத்திலிருந்து விலக்கப் போதிய காரணம் அன்று என்பது அதன் சாரம். கார்சியா இரு முறையும் பெற்றோருடன் சிறுவயதினராக வந்தவர் என்பதையும், நிரந்தரக் குடியிருப்புக்காகச் சட்டப்படி விண்ணப்பித்துப் பல்லாண்டுகளாகக் காத்திருப்பவர் என்பதையும் இங்குச் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது, உரிமத்தின் பயன். 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி வேலை அனுமதியற்றவரை எந்த நிறுவனமும் பணியில் அமர்த்தலாகாது. அவ்வாறாயின் பயன்படுத்தவியலாத உரிமத்தை வழங்குவது எதற்கு? வேலைவாய்ப்பின் மீதான தடை கூட்டரசின் அதிகார எல்லைக்கு உட்பட்டது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஊதியமின்றிப் பணியாற்றுதல் போன்ற வழிகளில் உரிமத்துக்குப் பயன் உண்டென்றும், உரிமம் பெற்றவர் குடியேற்றச் சட்டத்தை மீறுவார் என முன்கூட்டியே கருதுவது முறையன்றென்றும் அது கண்டது. சட்டஞ்சார் அறிவும் நடத்தையும் உரிமத்துக்கு உரியவை. வேலைக்கான அனுமதி குடியேற்ற முறைக்கு உரியது. ஒன்றன் குறையைக் காட்டி மற்றொன்றை மறுத்தலாகாது. இவ்வேறுபாடே தீர்ப்பின் உயிர்நிலை எனலாம்.

நீதிபதிகள் அனைவரும் முடிவில் ஒன்றுபட்டனர். கார்சியா 2014 பிப்ரவரியில் உறுதிமொழி ஏற்றார். பல ஆண்டுகளாகக் காத்திருந்த நிரந்தரக் குடியிருப்பு அட்டை 2015இல்தான் அவருக்குக் கிடைத்தது. வழக்கறிஞரான பின்னும் ஓராண்டுக்கு மேலாக அவர் எந்த நிறுவனத்திலும் ஊதியத்துக்குப் பணியாற்ற இயலாதவராகவே இருந்தார் என்பது இவ்வேறுபாட்டின் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

பிற மாநிலங்களின் விடைகள்

ஃபுளோரிடாவில் ஹோசே கோடினெஸ்-சம்பேரியோ ஒன்பது வயதில் பெற்றோருடன் சுற்றுலா விசாவில் வந்தவர். சட்டக் கல்லூரியில் 2011இல் பட்டம் பெற்றவர். அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றாதவரை ஆவணமற்றோருக்கு உரிமம் வழங்கவியலாது எனக் கூறியது. சிறுவயதில் கியூபாவிலிருந்து குடும்பத்துடன் வந்தவரான நீதிபதி ஹோர்கே லபார்கா, தமக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையிலான ஒற்றுமைகளைச் சுட்டி, மனமின்றியே இம்முடிவுக்கு உடன்படுவதாக எழுதினார். ஒரே வகை வாழ்க்கைப் பயணம், புறப்பட்ட நாட்டைப் பொறுத்து வரவேற்பாகவும் தடையாகவும் மாறுவதை அவரது தனியுரை புலப்படுத்துகிறது. அவ்வாண்டிலேயே ஃபுளோரிடாச் சட்டமன்றம் உரிய சட்டத்தை நிறைவேற்ற, கோடினெஸ்-சம்பேரியோ வழக்கறிஞரானார்.

நியூயார்க்கில் விடை வேறாயிற்று. ஐந்து வயதில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட சேசார் வர்காஸ், நாடுகடத்தல் ஒத்திவைப்புத் திட்டத்தின் பயனாளி. அவரது வழக்கில் 2015 சூனில் மேல்முறையீட்டுப் பிரிவு நீதிமன்றம், வழக்கறிஞரை ஏற்கும் அதிகாரம் மாநிலத்தின் நீதித்துறைக்கு உரியதாதலால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கைச் சட்டமன்றத்துக்குக் காத்திராமல் நீதித்துறையே பயன்படுத்தலாம் என்று கூறி அவரை ஏற்றது.

கலிஃபோர்னியாவும் ஃபுளோரிடாவும் சட்டமன்றத்தை எதிர்நோக்கின; நியூயார்க் நீதிமன்றம் தானே முடிவெடுத்தது. வினா ஒன்றாயினும் விடையளிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் மாநிலங்கள் வேறுபட்டன. கலிஃபோர்னியா 2014இல் மற்றொரு சட்டத்தின்வழி, மாநிலத்தின் உரிமக் குழுக்கள் வழங்கும் பிற தொழில் உரிமங்களையும் குடியேற்ற நிலை கருதாது வழங்க வகைசெய்தது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் வழக்கறிஞர் பதிவை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. அதன் 24ஆம் பிரிவு, பதிவுபெறுவோர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்கிறது. தகுதியுடைய இந்தியர்களைத் தொழில் நடத்த அனுமதிக்கும் நாட்டின் குடிமக்களுக்கு மட்டும் அது விலக்களிக்கிறது. அரசமைப்பின் 14ஆம் உறுப்பு சமத்துவத்தை எல்லா நபர்களுக்கும் உறுதியளிக்கிறது. விரும்பிய தொழிலை மேற்கொள்ளும் 19ஆம் உறுப்பின் உரிமையோ குடிமக்களுக்கே உரியது. கிரிஃபித்ஸ் வழக்கின் தருக்கத்தை இந்தியச் சூழலுக்கு அப்படியே பொருத்தவியலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

இப்பிரிவு தமிழ்ச் சூழலில் ஒரு குறிப்பிட்ட தலைமுறையைத் தொடுகிறது. 1983 முதல் தமிழகம் வந்த ஈழத் தமிழ் ஏதிலியருக்கு இங்குப் பிறந்த குழந்தைகளின் நிலை பிறந்த நாளைப் பொறுத்து அமைகிறது. 1987 சூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் இவ்விதி மேலும் இறுகியது. ஆகவே முகாமில் பிறந்து, தமிழகப் பள்ளிகளில் பயின்ற ஒரு மாணவர், சட்டப் பட்டம் பெற்ற பின்னும் 24ஆம் பிரிவின் வாயிலில் நிற்க நேரிடும். அவருக்கு எந்நாட்டுக் குடியுரிமையும் உறுதியாக இல்லாதவிடத்து, நாடுகளுக்கிடையிலான கைம்மாற்றை அடிப்படையாகக் கொண்ட விலக்கும் பயன்தராது. ஹாங் யென் சாங்குக்கு நேர்ந்ததைப்போல, பொதுவாகத் தோன்றும் தொழில் விதியும் குடியுரிமை விதியும் இணைந்தே இங்கும் தடையை உருவாக்குகின்றன. ஒன்று இனத்தையும் மற்றொன்று பிறந்த நாளையும் பெற்றோர் நிலையையும் அளவுகோலாகக் கொண்டன என்பதே வேறுபாடு.

முடிவுரை

மேற்கண்ட வழக்குகளைத் தொகுத்து நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. குடியேறிய மாணவருக்கான தடை இனம், குடியுரிமை, குடியேற்ற நிலை என மூன்று வடிவங்களில் அடுத்தடுத்து எதிர்ப்பட்டது. ஒன்று நீங்கியபின்னரே அடுத்தது தெளிவாகப் புலப்பட்டது.

2. ஒவ்வொரு கட்டத்திலும் தடை தளர்ந்தது, 'இவர் யார்' என்ற வினாவுக்கு மாற்றாக 'இத்தொழிலுக்கு என்ன தேவை' என்ற வினா எழுப்பப்பட்டபோதே ஆகும்.

3. உரிமமும் வேலை அனுமதியும் வேறு என்ற கார்சியா தீர்ப்பின் கருத்து மாணவருக்கு வாயிலைத் திறந்தது. ஆயினும் வாழ்வாதாரத்தை அது முழுமையாக உறுதிசெய்யவில்லை.

4. நீதிமன்றம் மட்டுமே மாற்றத்தை நிகழ்த்தவில்லை. கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் சட்டமன்றமே இறுதித் தடையை நீக்கியது. இந்தியாவிலும் தடை சட்டத்தின் சொற்களிலேயே அமைந்திருப்பதால், தீர்வு நாடாளுமன்றத்தின் வழியாகவே எளிதில் அமையக்கூடும்.

தமிழகத்தில் பயின்று சட்டப் பட்டம் பெறும் ஏதிலியர் பிள்ளைகளின் நிலையைக் கள ஆய்வுவழி ஆவணப்படுத்துதல் அத்தகைய மாற்றத்துக்கான முதற்படியாகும். கலிஃபோர்னியா தன் தவற்றைத் திருத்த 125 ஆண்டுகள் ஆயின. அத்திருத்தம் வந்தபோது சாங் மறைந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்திருந்தன.